பழைய பிரிட்டிஷ் படங்களும் தொலைக்காட்சியும்: புதியவர்களுக்கு ஒரு வாரத் திட்டம்

பழைய பிரிட்டிஷ் படங்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிற பலர் முதல் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். ‘கட்டாயம் பார்க்க வேண்டிய நூறு’ மாதிரி ஒரு பட்டியலை எடுத்து, அதன் உச்சியில் இருப்பதிலிருந்து ஆரம்பிப்பதுதான் பெரும்பாலும் காரணம். மூன்றரை மணி நேரத்துக்கும் மேலே ஓடுகிற ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ மகத்தான படம்தான். ஆனால் வேலை முடிந்து வந்த களைப்பில், இந்த உலகத்துக்கே புதிதாக வருகிற ஒருவர் தொடங்க வேண்டிய இடம் அது இல்லை.

நான் சொல்லப்போகும் வழி இது: ஒரு வாரம் ஒதுக்குங்கள். இரவுக்கு ஒரு படம். கூடவே, பெரும்பாலான இரவுகளில், ஒரு பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சி. இரண்டையும் ஒரு நடிகரோ, ஓர் ஊரோ, ஓர் இயக்குநரோ இணைக்க வேண்டும். பிரிட்டனில் சினிமாவும் தொலைக்காட்சியும் பெரும்பாலும் அதே ஆட்களின் கையில் வளர்ந்தவை. ஒன்றில் பார்த்த முகம் பத்தாண்டு கழித்து மற்றொன்றில் வரும். தனித்தனியாகப் பார்த்தால் இந்தத் தொடர்பு கண்ணில் படாது; சேர்த்துப் பார்த்தால் இரண்டு மூன்று நாளிலேயே முகங்கள் பழகி, அந்த உலகம் சொந்தமாகிவிடும்.

பார்க்கும் முன்

தேடும்போது படத்தின் பெயரோடு ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். இந்தப் பழைய தலைப்புகளில் பலவற்றுக்கு ரீமேக் உண்டு. ‘டிராகுலா’ என்று மட்டும் தேடினால் எது வந்து நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘டிராகுலா 1958’ என்று தேடுங்கள். சில படங்களுக்கு அமெரிக்காவில் வேறு பெயர் வைத்தார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். அதே டிராகுலா அங்கே ‘ஹாரர் ஆஃப் டிராகுலா’ ஆனது.

அடுத்தது பிரதியின் தரம். இணையத்தில் கிடைக்கிற முதல் பிரதியைப் போட்டுவிடாதீர்கள். முகங்கள் வெளுத்து, வசனம் தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிற பிரதியில் பார்த்துவிட்டுப் ‘பழைய படம் என்றாலே இப்படித்தான்’ என்று ஒதுக்கியவர்கள் நிறையப் பேர். இந்தப் படங்களின் ஒளிப்பதிவு மிகக் கூர்மையானது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட், ஸ்டுடியோகனால், கிரைட்டீரியன் போன்றவர்கள் மீட்டெடுத்து வெளியிட்ட பிரதி கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். ஓடிடி தளங்களில் இன்று இருப்பது அடுத்த மாதம் இருக்காது, நாட்டுக்கு நாடும் மாறும். அதனால் ஏழு நாளுக்கானதையும் முன்கூட்டியே தேடி, எது எங்கே என்று ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு அப்புறம் வாரத்தைத் தொடங்குங்கள். கிடைக்காத ஒன்றுக்காக முழுத் திட்டத்தையும் நிறுத்த வேண்டாம்; அந்த இரவின் இன்னொன்றை மட்டும் பாருங்கள்.

டிவி அமைப்புகளில் இரண்டு விஷயம். 1950-களின் தொடக்கம் வரை வந்த படங்களும் அக்காலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அது சரிதான். பட்டையை நிரப்புகிறேன் என்று படத்தை இழுத்தால் எல்லோரும் குள்ளமாகவும் அகலமாகவும் தெரிவார்கள். பெரிதாக்கினால் தலையோ காலோ வெட்டுப்படும். இரண்டாவது, ‘மோஷன் ஸ்மூத்திங்’ போன்ற பெயரில் இருக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது சினிமாவைச் சீரியல் மாதிரி வழவழவென்று ஆக்கிவிடும்.

ஆங்கில சப்டைட்டிலைக் கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் தேவைப்படும். 1940-களின் மேல்தட்டுப் பேச்சு வேகமானது, வாயைத் திறக்காமலே பேசுவது போலிருக்கும். வடக்கு இங்கிலாந்துப் பேச்சு இன்னொரு உலகம். எழுத்தைப் பார்த்துக்கொண்டே குரலையும் கவனியுங்கள். ஒருவர் எந்த வர்க்கம், எந்த ஊர், யாரிடம் பணிகிறார், யாரிடம் அதட்டுகிறார் என்பதெல்லாம் அவர் பேசும் விதத்திலேயே இருக்கிறது. இந்தப் படங்களில் பாதிக் கதை அதுதான்.

பணக்கணக்கும் ஒரு வரியில்: 1971 பிப்ரவரி வரை 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. யாராவது ‘கினி’ என்றால் 21 ஷில்லிங்.

முதல் இரவு: ரயில்

1938-இல் வந்த ‘தி லேடி வானிஷஸ்’. ஹிட்ச்காக் அமெரிக்கா போவதற்கு முன் இங்கிலாந்தில் எடுத்தது, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஐரோப்பாவில் ஏதோ ஒரு கற்பனை நாட்டிலிருந்து கிளம்பும் ரயிலில் ஒரு வயதான ஆங்கிலேய அம்மாள் காணாமல் போகிறார். அப்படி ஒருவர் ரயிலில் ஏறவே இல்லை என்று எல்லோரும் சாதிக்கிறார்கள். ஓர் இளம்பெண் மட்டும் விடாமல் தேடுகிறாள்.

புதியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரயில் உடனே கிளம்பாது. முதல் இருபது இருபத்தைந்து நிமிடம் பனியில் மாட்டிக்கொண்ட ஒரு விடுதியிலேயே போகும். பொறுமையாக இருங்கள், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் வித்து அங்கேதான் விழுகிறது. சார்ட்டர்ஸ், கால்டிகாட் என்று இரண்டு கிரிக்கெட் பைத்தியங்களையும் அங்கேதான் சந்திப்பீர்கள். ஐரோப்பா போரின் விளிம்பில் நிற்கும்போது இவர்களுக்கு மான்செஸ்டர் டெஸ்ட் ஸ்கோர் மட்டும்தான் கவலை. ரசிகர்களுக்கு இவர்களை அவ்வளவு பிடித்துப்போய், வேறு இயக்குநர்களின் படங்களிலும் இதே ஜோடி திரும்பி வந்தது.

இதன் பின்னால் ‘நைட் மெயில்’ என்ற 1936-ஆம் ஆண்டு ஆவணப்படத்தைப் பாருங்கள். அரை மணி நேரம்கூட இல்லை. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு ஓடும் தபால் ரயிலைப் பற்றித் தபால் துறையின் சொந்தப் படப்பிரிவே எடுத்தது. ரயில் நிற்காமல் ஓடும்போதே தபால் மூட்டையை வலையில் பிடிக்கும் காட்சி இருக்கிறது. முடிவில் ரயிலின் தாளத்திலேயே ஒரு கவிதை ஓடும், எழுதியவர் டபிள்யூ. எச். ஆடன், இசை பெஞ்சமின் பிரிட்டன். ஒரு தபால் துறை தன் வேலையைக் காட்ட இவ்வளவு பெரிய கலைஞர்களை அழைத்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இரண்டாவது இரவு: ஈலிங்

மேற்கு லண்டனில் ஈலிங் என்ற பகுதியில் ஒரு ஸ்டுடியோ. மைக்கேல் பால்கன் தலைமையில் போருக்குப் பின் அங்கிருந்து வந்த நகைச்சுவைப் படங்களுக்கு ‘ஈலிங் காமெடி’ என்றே பெயர். சாதாரண மனிதர்கள், சின்ன ஊர், அதிகாரத்தோடு ஒரு மோதல், கொஞ்சம் சட்டமீறல். பங்கீட்டு அட்டையோடு வாழ்ந்துகொண்டிருந்த மக்களுக்கு இந்தப் படங்கள் எவ்வளவு மூச்சு விடக் கொடுத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே பாருங்கள்.

இவற்றில் முதலில் எது என்று கேட்டால் ‘தி லாவெண்டர் ஹில் மாப்’ (1951) என்பேன். ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்’ (1949) இன்னும் கூர்மையான படம், அலெக் கின்னஸ் ஒரே குடும்பத்தின் எட்டுப் பேராக வருவார்; ஆனால் அதன் சிரிப்பு முழுவதும் வசன நடையில் இருக்கிறது, காது பழகிய பிறகு பார்ப்பதே நல்லது. லாவெண்டர் ஹில் அப்படியில்லை. வங்கித் தங்கத்துக்குக் காவலாகப் பல வருடம் வண்டியில் போய்வந்த ஓர் அப்பாவி குமாஸ்தா ஒரு நாள் அந்தத் தங்கத்தையே அடிக்கத் திட்டமிடுகிறார். தங்கத்தை உருக்கி ஈஃபில் கோபுரப் பொம்மைகளாக வார்த்து பாரிஸுக்கு அனுப்புவது யோசனை. குமாஸ்தா கின்னஸ், கூட்டாளி ஸ்டான்லி ஹாலோவே. திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. தொடக்கத்தில் ஒரு நொடி வந்துபோகும் இளம்பெண்ணை உற்றுப் பாருங்கள், ஆட்ரி ஹெப்பர்ன்.

அந்தக் கும்பலில் மடிப்பு மடிப்பான முகத்தோடு ஒருவர் இருப்பார், சிட் ஜேம்ஸ். அவரைப் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சிக்குப் போங்கள். ‘ஹான்காக்ஸ் ஹாஃப் ஹவர்’ வானொலியில் 1954-இல் தொடங்கி, 1956-இல் பிபிசி தொலைக்காட்சிக்கு வந்த தொடர். எழுதியவர்கள் ரே கால்ட்டன், ஆலன் சிம்சன். இருவரும் இளம் வயதில் காசநோய் மருத்துவமனையில் நோயாளிகளாகச் சந்தித்து நண்பரானவர்கள். பெருமை பேசித் தோற்கிற ஒரு மனிதராக டோனி ஹான்காக், அவரை ஏய்க்கிற நண்பராக சிட்.

இதில் ‘தி மிஸ்ஸிங் பேஜ்’ (1960) எபிசோடைத் தேடுங்கள். நூலகத்திலிருந்து எடுத்துவந்த துப்பறியும் கதையை ஹான்காக் ராத்திரி முழுக்கப் படிக்கிறார். கொலையாளி யார் என்று சொல்ல வேண்டிய கடைசிப் பக்கத்தை யாரோ கிழித்திருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. நூலகத்தில் பேசக்கூடாது என்பதால் ஹான்காக் ஒரு முழுக் கதையையும் வாய் திறக்காமல் நடித்துக்காட்டும் இடம் இருக்கிறதே, அதற்கு எந்த மொழியும் வேண்டாம்.

1955-இல் ஈலிங் ஸ்டுடியோவைப் பிபிசி வாங்கிவிட்டது. சினிமா எடுத்த கூடாரம் தொலைக்காட்சியின் கைக்கு மாறிய ஆண்டு அது. அதே ஆண்டு செப்டம்பரில் விளம்பரத்தோடு கூடிய தனியார் தொலைக்காட்சியான ஐடிவியும் தொடங்கியது.

மூன்றாவது இரவு: பயம்

இன்று வரிசையை மாற்றி, தொலைக்காட்சியை முதலில் பாருங்கள். ‘தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’, 1953, முதல் எபிசோட். விண்வெளிக்குப் போன ராக்கெட் திரும்பி வந்து விழுகிறது. போனவர் மூவர், உள்ளே இருப்பது ஒருவர்.

இதை ரசிக்க அது உருவான விதம் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் தொலைக்காட்சி நாடகம் என்றால் நேரலை. லண்டனில் அலெக்சாண்ட்ரா பேலஸ் என்ற கட்டடத்தில், பிபிசி 1936-இல் தன் தொலைக்காட்சியைத் தொடங்கிய அதே இடத்தில், நடிகர்கள் நடிக்க நடிக்க அது வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. வசனம் மறந்தால் மறந்ததுதான். காமிரா ஒரு செட்டில் இருக்கும்போது அடுத்த காட்சி நடிகர் இருட்டில் ஓடிப்போய்த் தன் இடத்தில் நிற்க வேண்டும். சில இடங்களில் பெருமூச்சும் தடுமாற்றமும் கேட்கும். குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கு மக்கள் பார்த்த அதே கணத்தை நீங்களும் பார்க்கிறீர்கள்.

நேரலையைச் சேமிக்க அப்போது இருந்த ஒரே வழி, ஒரு திரையில் ஓடும் படத்தை இன்னொரு சினிமா காமிராவால் படம் பிடிப்பது. குவாட்டர்மாஸின் ஆறு எபிசோடில் முதல் இரண்டு மட்டுமே அப்படிப் பதிவாகி மிஞ்சியிருக்கின்றன. மீதி நான்கும் காற்றோடு போயின. இரண்டாவதோடு நிறுத்த வேண்டியிருக்கும் என்று தெரிந்தே உட்காருங்கள்.

இந்தத் தொடரின் பரபரப்பைப் பார்த்து, ஹாமர் என்ற சின்ன நிறுவனம் 1955-இல் இதைப் படமாக்கியது. பெரியவர்களுக்கு மட்டுமான ‘எக்ஸ்’ சான்றிதழை விளம்பரமாகவே மாற்றிக்கொள்ள, தலைப்பில் Experiment என்ற சொல்லின் முதல் எழுத்தான E-ஐ வெட்டி, சொல்லே X-இல் தொடங்குமாறு எழுதினார்கள். படம் ஓடியது, ஹாமர் பயப்படங்களின் பக்கம் திரும்பியது. ‘டிராகுலா’ (1958) அந்த வழியில் வந்தது. 82 நிமிடம், வண்ணம், ரத்தம். டிராகுலாவாக கிறிஸ்டோபர் லீக்கு வசனம் மிகக் குறைவு, ஆனால் படிக்கட்டின் உச்சியில் நிழலாக அவர் தோன்றும் முதல் காட்சியை மறக்க முடியாது. அவரைத் துரத்தும் வான் ஹெல்சிங் பீட்டர் குஷிங். அவரும் தொலைக்காட்சி தந்த நட்சத்திரமே; 1954-இல் பிபிசியின் ‘நைன்டீன் எய்ட்டி ஃபோர்’ நாடகத்தில் நடித்து வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானவர். வாங்குவதாக இருந்தால் 2012-க்குப் பிந்தைய மீட்டெடுப்பை வாங்குங்கள். தணிக்கை வெட்டிய சில காட்சித் துண்டுகள் ஜப்பானில் கிடைத்து அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

குழந்தைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.

நான்காவது இரவு

‘ப்ரீஃப் என்கவுன்டர்’ (1945) மட்டும். கூட எதுவும் வேண்டாம்.

டேவிட் லீன் இயக்கியது, 86 நிமிடம். திருமணமான ஒரு பெண்ணும் திருமணமான ஒரு மருத்துவரும் ரயில் நிலையத் தேநீர்க் கடையில் சந்திக்கிறார்கள், வியாழக்கிழமைகளில். எதையும் உரக்கச் சொல்லாத ஒரு காதல். நிலையக் காட்சிகளைப் போர் இன்னும் முடியாத 1945 தொடக்கத்தில் வடக்கே கார்ன்ஃபோர்த் நிலையத்தில் எடுத்தார்கள். செலியா ஜான்சனின் கண்களை மட்டும் பார்த்தால்கூடக் கதை புரிந்துவிடும். பின்னணியில் ராக்மானினோவின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ.

‘இவ்வளவு அடக்கமா, ஏன் இவர்கள் பேசித் தொலைக்கவில்லை’ என்று தோன்றலாம். பக்கத்திலேயே தேநீர்க் கடைப் பெண்மணியும் டிக்கெட் பரிசோதகரும் வெளிப்படையாகச் சரசமாடிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். அந்தப் பரிசோதகர் இரண்டாவது இரவில் பார்த்த ஸ்டான்லி ஹாலோவே. அவர்களுக்கு இருக்கிற சுதந்திரம் நடுத்தர வர்க்கக் கதாநாயகிக்கு இல்லை. படத்தின் வலி அந்த இடைவெளியில் இருக்கிறது.

ஐந்தாவது இரவு: சால்ஃபோர்ட்

1950-களின் இறுதியில் பிரிட்டிஷ் சினிமா வரவேற்பறையிலிருந்து அடுக்களைக்கு இறங்கியது. தொழிற்சாலை ஊர், வாடகை அறை, வடக்குப் பேச்சு. மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டைச் சேர்ந்த ஷீலா டெலானி பதின்வயதில் எழுதிய நாடகத்தை டோனி ரிச்சர்ட்சன் 1961-இல் ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ என்று படமாக்கினார். பொறுப்பில்லாத தாய், பள்ளி முடிக்கும் மகள், அவள் காதலிக்கும் கறுப்பின மாலுமி, கடைசியில் அவளுக்குத் துணையாக வந்து சேரும் தன்பாலின ஈர்ப்புள்ள நண்பன். ஆண்களுக்கு இடையிலான உறவு சட்டப்படி குற்றமாக இருந்த காலத்தில், அந்த நண்பனைக் கேலிப்பொருளாக்காமல் படத்தின் மிகக் கனிவான மனிதனாக வைத்திருக்கிறார்கள். எல்லாமே நிஜத் தெரு, நிஜக் கால்வாய், நிஜ அறை. ரீட்டா டஷிங்காமுக்கு இது முதல் படம்.

கூடவே 1960 டிசம்பர் 9 அன்று ஒளிபரப்பான ‘கரோனேஷன் ஸ்ட்ரீட்’ முதல் எபிசோட். இதுவும் சால்ஃபோர்ட் தெருக்களை மனத்தில் வைத்து உருவான கதைதான். கல்லூரிக்குப் போன கென் என்ற பையன், சாப்பாட்டு மேசையில் அப்பா சாஸ் பாட்டிலை வைத்துக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்து முகம் சுளிக்கிறான். படித்த மகனுக்கும் உழைக்கும் அப்பாவுக்கும் நடுவே விழுகிற விரிசல் ஒரு சாஸ் பாட்டிலில் வந்துவிடுகிறது. தொடர் இன்றும் ஓடுகிறது. முதல் நாளில் கென்னாக வந்த வில்லியம் ரோச்தான் பத்தாண்டு பத்தாண்டாக அந்தப் பாத்திரம். முதல் எபிசோடோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாரம் போதாது.

ஆறாவது இரவு: கென் லோச்

இது சனிக்கிழமை வருமாறு திட்டமிடுங்கள், மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். மனமும் கனக்கும்.

‘கேத்தி கம் ஹோம்’ இயக்குநர் கென் லோச் எடுத்து, 1966 நவம்பர் 16 அன்று பிபிசியில் வந்த தொலைக்காட்சி நாடகம். ஓர் இளம் குடும்பம் வேலையை, வீட்டை இழந்து, தற்காலிக விடுதிகளில் அலைந்து, கடைசியில் உடைந்துபோகிறது. செய்திப்படம் மாதிரியே எடுத்ததால், பார்த்தவர்களுக்கு நடிப்பு என்றே தோன்றவில்லை. நாடெங்கும் வீடில்லாதவர்களைப் பற்றிய பேச்சு எழுந்தது. வீடற்றோருக்கான ‘ஷெல்டர்’ அமைப்பு அடுத்த சில வாரங்களில் தொடங்கப்பட்டபோது, நாடகம் உண்டாக்கிய கோபம் அதற்குப் பெரும் ஆதரவாக அமைந்தது. ஒரு தொலைக்காட்சி நாடகத்தால் என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இடைவேளை விட்டு, அதே லோச்சின் ‘கெஸ்’ (1969). பார்ன்ஸ்லி என்ற சுரங்க ஊர், யாரும் மதிக்காத பில்லி என்ற பையன், அவன் பழக்கும் ஒரு சிறு வல்லூறு. பில்லியாக நடித்த டேவிட் பிராட்லி அதே ஊர்ப் பள்ளி மாணவன். பேச்சு கடினம், சப்டைட்டில் இல்லாமல் வேண்டாம். கால்பந்தாட்டக் காட்சியில் வாய்விட்டுச் சிரிப்பீர்கள். வகுப்பில் பில்லி எழுந்து தன் பறவையைப் பற்றிப் பேசும் காட்சிதான் படத்தின் இதயம். அதுவரை தலைகுனிந்திருந்த பையன் அப்போது எப்படி நிற்கிறான் என்று பாருங்கள்.

ஏழாவது இரவு: கற்பனை

நேற்றைய கனத்துக்குப் பிறகு ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’ (1946). மைக்கேல் பவல், எமெரிக் பிரஸ்பர்கர் இருவரும் சேர்ந்து எழுதி, தயாரித்து, இயக்கியது. சாகவேண்டிய ஒரு விமானி மூடுபனியால் மேலுலகக் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறான்; அதற்குள் காதலிலும் விழுகிறான். மேலே வழக்கு நடக்கிறது. பூமி முழு வண்ணத்தில், மேலுலகம் கறுப்பு வெள்ளையில் என்று பிரித்திருக்கிறார்கள். இரண்டையும் இணைக்கும் 106 படிகள் கொண்ட பிரம்மாண்டமான படிக்கட்டு கணினி வித்தை கிடையாது, நிஜமாகவே இயங்கிய எந்திரம். இந்தப் படத்துக்கு மட்டும் நல்ல பிரதி இல்லையென்றால் தள்ளிவையுங்கள்; ஜாக் கார்டிஃபின் வண்ணங்கள் மங்கிப்போனால் பாதிப் படம் போச்சு.

அப்புறம் 25 நிமிடம், காலப்பயணத் தொடரான ‘டாக்டர் ஹூ’வின் முதல் எபிசோட், 1963 நவம்பர் 23. கென்னடி கொல்லப்பட்ட மறுநாள் ஒளிபரப்பானதால் அடுத்த வாரம் மறுபடியும் போட்டார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், இயக்குநர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன். இருவரும் இருபதுகளில் இருந்தவர்கள். அந்தத் தலைப்பிசையை டெலியா டெர்பிஷயர் ஒலிநாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டியே உருவாக்கினார்.

பிடித்துப்போய் மேலே போனால், நடுவில் எபிசோடுகள் இல்லாததைக் கண்டு திகைப்பீர்கள். ஒளிநாடா விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கு வாய்ப்புக் குறைவு என்பதால் பிபிசி 1970-கள் வரை பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. வெளிநாடுகளுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகள்தான் பலவற்றைக் காப்பாற்றின. 2013-இல்கூட நைஜீரியாவிலிருந்து ஒன்பது எபிசோடுகள் திரும்பி வந்தன.

வாரம் முடிந்த பிறகு

நம் பக்கத்தோடு தொடர்புள்ள இரண்டு படங்களை வேண்டுமென்றே முதல் வாரத்தில் சேர்க்கவில்லை, அவற்றைக் கேள்விகளோடு பார்க்க வேண்டும் என்பதால். ‘பிளாக் நார்சிஸஸ்’ (1947) இமயமலையில் நடக்கிறது. ஆனால் இங்கிலாந்தை விட்டு வெளியே போகாமல், ஓவியத்தாலும் செட்டாலும் மலையை உருவாக்கினார்கள். மைசூர் பக்கத்தில் பிறந்த நடிகர் சாபு இதில் இருக்கிறார். ஓர் ஆங்கிலேய நடிகைக்குக் கறுப்புச் சாயம் பூசி இந்தியப் பெண்ணாக்கியிருப்பதும் இதில்தான். அழகையும் அந்த உறுத்தலையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957) இலங்கையில் கித்துல்கலவில் எடுக்கப்பட்டு ஏழு ஆஸ்கர் வாங்கியது. சயாம்–பர்மா ரயில் பாதையில் பிரிட்டிஷ் போர்க்கைதிகள் படும் பாடு கதை. அந்தப் பாதையில் கைதிகளைவிட மிக அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள், அதிகமாக இறந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெரும் எண்ணிக்கை. படம் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. சயாம் மரண ரயில் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றைப் படித்துவிட்டு இந்தப் படத்துக்கு வாருங்கள்.

இன்னொரு வாரம் ஒதுக்க முடிந்தால், 1979-இல் பிபிசி எடுத்த ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’. சரியாக ஏழு எபிசோட். லாவெண்டர் ஹில் குமாஸ்தா அலெக் கின்னஸ் இங்கே வயதான உளவாளி ஸ்மைலி. முதல் எபிசோடில் பெயர்கள் குழப்பும். ஒரு தாளில் யார் யாருக்கு மேலே என்று குறித்துக்கொள்ளுங்கள். இரவுக்கு ஒன்றுக்கு மேல் பார்க்காதீர்கள். தொடக்கத்தில் நான்கு பேர் ஒருவர்பின் ஒருவராக ஓர் அறைக்குள் வந்து உட்காரும் காட்சியை மட்டும் இரண்டு முறை பாருங்கள், நால்வரின் குணமும் அதிலேயே இருக்கிறது.